சட்டத்துறைத் திகில் நாவல்: வழக்கறிஞரின் பேராசையை நம்பும்படி எழுதுவது எப்படி?

கேள்வி: நாவல் எழுதுபவர், பாளையங்கோட்டை

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக ஒரு நாவல் எழுதி வருகிறேன். கதை நடப்பது 2011-ஆம் ஆண்டில், தென் தமிழகத்தின் ஒரு மாவட்டத் தலைநகரில். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளில் பெயரும் பணமும் சேர்த்துவிட்ட ஒரு சீனியர் வழக்கறிஞர், அவரிடம் சேர்ந்து மூன்று ஆண்டுகளான ஒரு ஜூனியர், லாரி மோதிக் கணவனை இழந்த ஒரு பெண் ஆகிய மூவரைச் சுற்றிக் கதை நகர்கிறது. தீர்ப்பாயம் அந்தப் பெண்ணுக்கும் அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 14 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் வழங்குகிறது. அவர் கைக்கு வந்து சேர்வதோ 3 லட்சத்துக்கும் குறைவு. மீதிப் பணம் எங்கே போனது என்பதை ஜூனியர் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடிப்பதுதான் கதை.

ஒன்பது அத்தியாயங்கள் முடிந்தபோது நெருங்கிய தோழியர் இருவரிடம் படிக்கக் கொடுத்தேன். இருவரும் தனித்தனியாக ஒரே குறையைச் சொன்னார்கள்: சீனியர் நம்பும்படியாக இல்லை. ஏழாவது அத்தியாயத்தில் அவர் அடியாட்களை அனுப்புகிறார். எட்டாவதில் கோப்பு அறைக்குத் தீ வைக்கச் சொல்கிறார். யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். நிலத் தகராறு ஒன்றுக்காக என் தந்தை பதினொரு ஆண்டுகள் நீதிமன்றத்துக்கு நடந்தபோது அவருடன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நான். அந்த வளாகத்தை அந்த பெஞ்சின் உயரத்திலிருந்து மட்டுமே எனக்குத் தெரியும்.

ஆகவே தொழிலை உள்ளிருந்து அறிந்தவர்களைக் கேட்கிறேன். அடியும் தீயும் இல்லாமல், நீதிமன்றத்தின் கண் முன்னாலேயே ஒரு கட்சிக்காரரின் (வழக்கை ஒப்படைத்தவரின்) பணம் எப்படிக் கைமாறும்? அதே அறையில் உட்கார்ந்திருக்கும் ஜூனியர் ஏன் இவ்வளவு காலம் பேசாமல் இருப்பார்? இப்படிப்பட்டவர் உண்மையில் அகப்படுவதுண்டா, அகப்பட்டால் எதனால்? யாரையும் பழித்து எழுத வேண்டும் என்பது என் எண்ணமன்று. ஒரு மனிதர் படிப்படியாக எப்படி இவ்வளவு தூரம் போய்விடுகிறார் என்பதை நேர்மையாக எழுத வேண்டும் என்பதே என் ஆசை.

பதில் 1: ஓய்வுபெற்ற உரிமையியல் வழக்கறிஞர், மதுரை

அம்மா, முதலில் அந்த அடியாட்களை வெளியே அனுப்பிவிடுங்கள். கட்சிக்காரரின் பணத்தில் கை வைக்கும் வழக்கறிஞருக்கு அடியாள் தேவையில்லை. கட்சிக்காரரின் கையெழுத்தே போதும். அதையும் அவர் மிரட்டி வாங்குவதில்லை. அந்த அம்மாள் நன்றியோடு, கண் கலங்கப் போட்டுத் தருகிற கையெழுத்து அது.

நாவலின் முதல் அத்தியாயத்திலேயே அந்தக் காட்சியை வைத்துவிடலாம். கணவன் இறந்து இருபது நாள்கூட ஆகாத ஒரு பெண் மாலை ஆறு மணிக்கு வழக்கறிஞரின் அலுவலகத்துக்கு வருகிறார். குமாஸ்தா வக்காலத்துப் படிவத்தை நீட்டுகிறார். அதன் கீழே மனுப் படிவம், அதன் கீழே பிரமாணப் பத்திரம், அதற்கும் கீழே எதுவும் எழுதாத நான்கைந்து வெள்ளைத் தாள்கள். ஒவ்வொரு தாளின் அடியிலும் பென்சிலால் சிறு பெருக்கல் குறி போட்டிருக்கும். "அம்மா, ஒவ்வொரு தடவையும் உங்களை ஊரிலிருந்து அலைக்கழிக்க வேண்டாம் என்றுதான்" என்று குமாஸ்தா சொல்வார். அவர் சொல்வதில் பாதி உண்மையும்கூட. பஸ்ஸுக்குக் கடன் வாங்கி வந்தவருக்கு அது பெரிய உதவியாகவே தோன்றும். பிறகு நீதிமன்றத்துக்கு அருகில் உள்ள வங்கியில் அவர் பெயரில் கணக்குத் தொடங்குவார்கள். பாஸ்புக்கும் காசோலைப் புத்தகமும் அலுவலகப் பீரோவிலேயே தங்கிவிடும். உங்கள் வில்லனுக்கு வேண்டிய ஆயுதம் முழுவதும் அந்தப் பீரோவில் இருக்கிறது.

உங்கள் கதை 2011-இல் நடப்பது பொருத்தமானது. இழப்பீட்டை நேரடியாகக் கட்சிக்காரரின் வங்கிக் கணக்குக்கே அனுப்பும் முறை அன்று இன்றுபோல் நிலைபெற்றிருக்கவில்லை. ஆனால் தடுப்பு எதுவுமே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கும் சூசம்மா தாமஸ் என்பவருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-இல் தெளிவான வழிமுறைகளைத் தந்துவிட்டது. சிறுவர்களின் பங்கை நிரந்தர வைப்பில் போட வேண்டும்; எழுத்தறிவு இல்லாதவர்களின் பணத்துக்கும் பெரும்பாலும் அதுவே வழி; தீர்ப்பாயத்தின் அனுமதியின்றி அதை உடைக்கக் கூடாது. உங்கள் சீனியர் இந்தப் பூட்டை உடைக்க மாட்டார், தீர்ப்பாயத்திடமே சாவி கேட்பார். வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டும், பிள்ளையின் படிப்புக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்று வைப்பு நிதியை முன்கூட்டியே எடுக்க மனுப் போடுவார். முன்பு வாங்கி வைத்த வெள்ளைத் தாள்கள் அப்போது பிரமாணப் பத்திரமாக மாறும். அனுமதி கிடைக்கும், பணம் வரும், அந்த வீட்டின் ஓடு அப்படியே இருக்கும். ஜூனியர் ஒருநாள் வேறு வேலையாக அந்த ஊருக்குப் போய்க் கூரையை நிமிர்ந்து பார்க்கிறார் என்று எழுதுங்கள். தீ வைத்ததைவிட அது வாசகரைச் சுடும்.

அடுத்து, பேராசை எங்கே தொடங்குகிறது என்பது. வழக்கறிஞர் தொழிலை நெறிப்படுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் விதிகளில் ஆறாம் பகுதி, இரண்டாம் அத்தியாயத்தில் 20-ஆம் விதி, வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது, கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கக் கூடாது என்கிறது. 1954-இல் உச்ச நீதிமன்றம் தன் மூத்த வழக்கறிஞர் ஒருவரைப் பற்றிய வழக்கில் இதைத்தான் ஆராய்ந்தது. தீர்ப்பில் அவர் பெயர் இல்லை, 'ஜி' என்ற ஓர் எழுத்து மட்டுமே இருக்கிறது. வசூலாகும் தொகையில் பாதி தமக்கு என்று அவர் கட்சிக்காரரிடம் ஒப்பந்தம் செய்திருந்தார். பிறர் இப்படி ஓர் ஒப்பந்தம் செய்தால் அதனாலேயே அது சட்ட விரோதமாகிவிடாது, ஆனால் ஒரு வழக்கறிஞர் தன் கட்சிக்காரரிடம் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று நீதிமன்றம் கூறியது. அந்த வேறுபாட்டை நான் இளைஞனாக இருந்தபோது படித்து நெடுநேரம் யோசித்திருக்கிறேன். வழக்கில் பங்காளியாகிவிட்டவரால் நீதிமன்றத்துக்கும் கட்சிக்காரருக்கும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது என்பதே அதன் உட்பொருள்.

ஆனால் உங்கள் சீனியரின் பக்கத்தையும் எழுதுங்கள். கையில் பத்து ரூபாய் இல்லாத விதவைக்கு யார் வழக்கு நடத்துவார்கள்? மருத்துவச் சான்று, முதல் தகவல் அறிக்கையின் நகல், சாட்சிகளின் பயணச் செலவு எல்லாவற்றையும் அவர் தன் பணத்திலிருந்து போட்டிருக்கிறார். தொடக்க காலத்தில் அவர் உண்மையிலேயே ஏழைகளின் வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும். "நான் இல்லையென்றால் இவளுக்கு ஒன்றுமே கிடைத்திருக்காது" என்று அவர் தமக்குள் சொல்லிக்கொள்வார். முதல் வழக்கில் அது உண்மை, ஐம்பதாவது வழக்கில் சாக்கு. இந்த இரண்டுக்கும் இடையில் எந்த நாளில் அது மாறியது என்று அவருக்கே தெரியாமல் இருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன வி.சி. ரங்கதுரை வழக்கையும் தேடிப் படியுங்கள். 1979-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் இருக்கிறது. எழுபது வயதான, காது கேளாத ஒரு முதியவரும் அவருடைய மனைவியும் 15,000 ரூபாய்க்கும் 5,000 ரூபாய்க்கும் இரண்டு புரோநோட்டுகளை (கடன் உறுதிச் சீட்டுகளை) ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்து வழக்குப் போடச் சொன்னார்கள். வழக்குப் போடவே இல்லை. போட்டாயிற்று என்று அவர்களை நம்ப வைத்தார். புரோநோட்டுக்குக் காலவரம்பு மூன்று ஆண்டுகள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது கடந்துவிட்டால் அந்தத் தாளை வைத்து வழக்காட முடியாது. தமிழ்நாடு பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு அவரை ஆறு ஆண்டுகள் தொழிலிலிருந்து விலக்கி வைத்தது. இந்திய பார் கவுன்சில் அதை ஓராண்டாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ண ஐயர், தண்டனை திருத்துவதாகவும் இருக்க வேண்டும் என்று கருதி, ஏழைகளுக்கான இலவச சட்ட உதவிப் பணியை அதில் சேர்த்தார். தவறு செய்தவரை ஏழைகளிடமே வேலைக்கு அனுப்பிய அந்த உத்தரவை உங்கள் நாவலின் முடிவுக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திகில் கதைக்கு ஓடும் கடிகாரம் வேண்டும் என்பார்கள். காலவரம்புச் சட்டத்தைவிட இரக்கமற்ற கடிகாரத்தை நான் பார்த்ததில்லை.

பதில் 2: சட்ட அலுவலகக் கணக்காளர், லாஸ் ஏஞ்சலஸ் (சொந்த ஊர் காரைக்குடி)

மதுரை அய்யா எழுதியதைப் படித்தபோது, ஏறக்குறைய பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் அதே பீரோதான் இருக்கிறது என்று தோன்றியது. இங்கே அதற்குப் பெயர் கட்சிக்காரர் அறக்கணக்கு. வழக்கறிஞர் கைக்கு வரும் கட்சிக்காரரின் பணம் அந்தத் தனிக் கணக்கில்தான் இருக்க வேண்டும். அலுவலக வாடகைக்குக்கூட அதில் ஒரு டாலர் தொடக் கூடாது. வழக்கில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாகப் பேசுவது இங்கே சட்டப்படியே செல்லும். அதனால், பங்குக் கட்டணத்தை அனுமதித்துவிட்டால் திருட்டு இருக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்த ஊரில் எல்லோரும் அறிந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். டாம் ஜிரார்டி என்பவர் கலிபோர்னியாவில் ஐம்பது ஆண்டுகளாகப் பெரிய நிறுவனங்களை எதிர்த்துச் சாமானியர்களுக்காக வழக்காடிப் புகழ்பெற்றவர். ஹிங்க்லி என்ற சிற்றூரின் குடிநீரை மாசுபடுத்திய மின்நிறுவனத்திடமிருந்து 1996-இல் 33 கோடியே 30 லட்சம் டாலர் பெற்றுத் தந்த வழக்கறிஞர்களில் அவரும் ஒருவர். 2018 அக்டோபர் 29 அன்று ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்ட லயன் ஏர் விமானம் ஜாவா கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் சிலவற்றுக்காகப் போயிங் நிறுவனத்திடம் அவருடைய அலுவலகம் இழப்பீடு பெற்றது. பணம் அறக்கணக்குக்கு வந்து சேர்ந்தது, ஆனால் கணவனையும் தகப்பனையும் இழந்தவர்களிடம் முழுமையாகப் போய்ச் சேரவில்லை. அந்த வழக்கில் உடன் பணியாற்றிய சிகாகோ வழக்கறிஞர் நிறுவனமே 2020 டிசம்பரில் நீதிமன்றம் சென்றது. கூட்டாட்சி நீதிபதி தாமஸ் டர்கின் ஜிரார்டியின் சொத்துகளை முடக்கினார். 2022-இல் அவருடைய வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் நடுவர் குழு நான்கு மோசடிக் குற்றச்சாட்டுகளிலும் அவரைக் குற்றவாளி என்றது. 2025 ஜூனில், 86-ஆம் வயதில், ஏழு ஆண்டு மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

உங்கள் நாவலுக்கு இதில் மிகவும் பயன்படக்கூடியது அவர் பணத்தைச் சுழற்றிய விதம் என்று நினைக்கிறேன். நம் ஊரில் ஏலச்சீட்டு நடத்துபவர் பழைய சீட்டுக்காரருக்குப் புதிய சீட்டுக்காரரின் பணத்தை எடுத்துக் கொடுத்துச் சமாளிப்பது போல, இன்று வந்த இழப்பீட்டிலிருந்து முந்தைய கட்சிக்காரரின் பாக்கி அடைக்கப்பட்டது. ஆகவே யாரும் ஒரேயடியாக ஏமாற்றப்படவில்லை. எல்லோரும் காத்திருக்க வைக்கப்பட்டார்கள். கேட்டவர்களுக்கு விதவிதமான காரணங்கள் சொல்லப்பட்டன: வரி விவகாரம் முடிய வேண்டும், வேறு கடன்களைத் தீர்க்க வேண்டும், நீதிபதியின் அனுமதி வர வேண்டும். கவலையோடு தொலைபேசியில் அழைப்பவருக்கு இந்தக் காரணங்கள் ஒவ்வொன்றும் நியாயமாகவே கேட்கும். சிறிதளவு முன்பணமும் அனுப்பப்படும்; வாங்கியவர் நன்றி சொல்லிவிட்டு மேலும் காத்திருப்பார்.

இன்னொரு குடும்பத்துக்கு நேர்ந்தது இதைவிடக் கொடியது. 2010 செப்டம்பர் 9 அன்று சான் புருனோ நகரில் எரிவாயுக் குழாய் வெடித்து எட்டுப் பேர் இறந்தார்கள். அதில் உடல் முழுவதும் வெந்துபோன ஓர் இளைஞருக்கு 5 கோடியே 30 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. குடும்பத்திடம் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலர் என்று மட்டுமே சொல்லப்பட்டது. நான் இந்த ஊரில் பதினெட்டு ஆண்டுகளாக அறக்கணக்கு எழுதுகிறவன். மாத இறுதியில் வங்கி அறிக்கை, அலுவலகப் பேரேடு, ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் உரிய தனிப்பக்கம் ஆகிய மூன்றும் ஒரே எண்ணில் வந்து நிற்க வேண்டும். அந்த எண் ஒரு சென்ட் குறைந்தாலும் நாங்கள் வீட்டுக்குப் போக மாட்டோம். கோடிக்கணக்கில் குறைந்த ஒரு கணக்கை அந்த அலுவலகத்தில் எத்தனையோ பேர் மாதாமாதம் பார்த்திருப்பார்கள் என்பதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

கலிபோர்னிய வழக்கறிஞர் அமைப்பு 2022-இல் வெளியிட்ட தகவலின்படி, நாற்பது ஆண்டுகளில் ஜிரார்டிமீது 205 புகார்கள் வந்திருக்கின்றன. அந்த அமைப்புக்குள்ளேயே அவருக்கு நெடுங்காலச் செல்வாக்கு இருந்தது. எத்தனையோ வழக்கறிஞர்கள் அவர் விருந்துகளில் உண்டவர்கள். சக வழக்கறிஞரின் கடும் ஒழுங்கீனத்தை அறிந்தால் புகார் செய்தே ஆக வேண்டும் என்ற விதி பிற மாநிலங்களில் இருந்தபோதும், கலிபோர்னியாவில் அது 2023 ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் சீனியரைச் சுற்றியும் இப்படி ஒரு வட்டத்தை வரையுங்கள்: பார் அசோசியேஷன் தேர்தலுக்கு அவரிடம் நன்கொடை வாங்கியவர், மகளின் திருமணத்துக்கு அவரிடம் கைமாற்று வாங்கியவர், அவர் நூலகத்தில் படித்துத் தேர்வு எழுதியவர். அவர்களில் எவரும் கெட்டவரல்லர். ஆனால் ஒவ்வொருவருக்கும் வாயைத் திறக்காமல் இருக்க ஒரு காரணம் இருக்கும்.

பதில் 3: வழக்கறிஞர், சேலம்

அக்கா, ஜூனியர் ஏன் பேசாமல் இருப்பார் என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லத் தகுதியுள்ளவள். நான் ஒரு முறை பேசாமல் இருந்திருக்கிறேன்.

பதிவு செய்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சேர்ந்திருந்த அலுவலகத்தில் மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. சீனியருக்குத் தோன்றும்போது கவரில் வைத்துத் தருவார். விடுதிக் கட்டணத்தை அப்பா அனுப்பிக்கொண்டிருந்தார். இந்த நிலை எங்கள் தலைமுறையில் எல்லோருக்கும் பொது. சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில்தான் ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. 2011-இல் உங்கள் ஜூனியருக்கு அப்படி எதுவும் இல்லை.

ஒரு நாள் காலை பத்தேகாலுக்கு, நீதிமன்றத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், பக்கத்து அறை வழக்கறிஞரின் குமாஸ்தா ஒரு பிரமாணப் பத்திரத்தை என் முன் வைத்தார். நம் ஊரில் பிரமாணப் பத்திரத்துக்கு வேறொரு வழக்கறிஞர் "என் முன்பாக" என்று கையொப்பமிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். கட்சிக்காரர் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், உள்ளடக்கம் தமிழில் படித்துக் காட்டப்பட்டது, அவர் புரிந்துகொண்டார், பிறகு என் முன்னிலையில் கைநாட்டு வைத்தார் என்ற வரியும் இருக்கும். தாளில் ஊதா நிறத்தில் ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. விரல் ஒரு பக்கம் சற்று வழுக்கியிருந்ததால் ரேகையின் ஓரம் தீற்றலாக இழுபட்டிருந்தது. மை நன்றாகக் காய்ந்திருந்தது. அந்த ரேகைக்குரியவர் அறையில் இல்லை. "அம்மா வெளியில் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாங்க, நீங்க போடுங்க மேடம்" என்றார். போட்டேன். என் பெயர், என் பதிவு எண், என் முத்திரை. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த மனு எதற்கானது என்று அன்று நான் படிக்கவில்லை. நான்கு மாதங்கள் கழித்து, வேறொரு கோப்பைத் தேடும்போது, ஒரு வைப்புநிதியை முன்கூட்டியே எடுப்பதற்கான மனுவோடு அந்தத் தாளைக் கண்டேன். அதில் உண்மையில் தவறு ஏதும் நடந்ததா என்று என்னிடம் சான்று இல்லை. அந்த அம்மாள் உண்மையிலேயே பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கலாம். ஆனால் பார்க்காத ஒருவரைப் பார்த்ததாக எழுதிக் கொடுத்தவள் நான். சீனியரிடம் சொன்னபோது "இதெல்லாம் நடைமுறை" என்றார். அதன்பிறகு ஒரு வாரம் தூக்கமில்லை. அதற்கடுத்த மாதம் அந்த அலுவலகத்திலிருந்து விலகினேன். புகார் செய்யவில்லை. செய்தால் என் கையொப்பமும் அதில் இருக்கிறதே என்ற பயம்தான் காரணம்.

உங்கள் ஜூனியரைக் குற்றமற்றவராக வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவருடைய பெயரும் அந்தத் தாள்களில் இருக்கட்டும். சீனியர் திட்டமிட்டு அவரைச் சிக்க வைக்க வேண்டியதில்லை. அலுவலக நடைமுறையே சிக்க வைத்துவிடும். உண்மையைக் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு படியிலும் அவர் தன் கையொப்பத்தையும் எதிர்கொள்ள வேண்டும். அவருக்கு ஆசையும் இருக்க வேண்டும். சீனியரின் கார், கறுப்புக் கோட்டின் துணித்தரம், அவர் உள்ளே வரும்போது நீதிபதியே தலையை நிமிர்த்தும் அந்தக் கணம் எல்லாவற்றையும் விரும்பித்தானே நாங்களும் இந்தத் தொழிலுக்கு வந்தோம்?

இதில் தனி ஒருவரின் பேராசையைத் தாண்டிய கூட்டு ஏற்பாடும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் போலி விபத்து வழக்குகள் குவிந்ததைப் பார்த்து அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015-இல் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அது தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2021-இல் அம்மாநில பார் கவுன்சிலைக் கடுமையாகக் கேள்வி கேட்ட பிறகு, இந்திய பார் கவுன்சில் 28 வழக்கறிஞர்களைத் தற்காலிகமாக நீக்கியது. இப்படிப்பட்ட போலி வழக்குக்கு ஒரு வழக்கறிஞர் மட்டும் போதாது. முதல் தகவல் அறிக்கையை நாள் கடத்திப் பதிய ஒருவர், விபத்தில் சம்பந்தப்படாத வண்டியைக் காட்ட ஒருவர், சான்று தர ஒருவர் என்று பலர் கைகோக்க வேண்டும். ஆனால் உங்கள் கதையை அந்தப் பக்கம் விரிக்க வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் கதையில் விபத்து உண்மை, சாவு உண்மை, தீர்ப்பும் நியாயமானது. எல்லாம் சரியாக நடந்த பிறகும் அந்தப் பெண்ணுக்குப் பணம் போய்ச் சேரவில்லை என்பதில்தான் அதன் வலி இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. சேலம் தங்கை தன் அனுபவத்தை மறைக்காமல் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு என்னால் எதுவும் எழுத முடியவில்லை. இன்று காலை ஏழாம், எட்டாம் அத்தியாயங்களை முழுவதுமாக எடுத்துவிட்டேன். ஜூனியர் முதல் அத்தியாயத்திலேயே "என் முன்பாக" என்று ஒரு கையொப்பமிடுகிறார். அது எதற்கானது என்று அவருக்கும் வாசகருக்கும் பத்தாவது அத்தியாயத்தில்தான் தெரியும். மாற்றப்படாத கூரை ஓடுகளையும் சேர்த்துக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது. ஜூனியர் காவல் நிலையத்துக்கு ஓடுவதாகவோ பத்திரிகைக்குச் சொல்வதாகவோ எழுத எனக்கு மனமில்லை. அந்தப் பெண்ணே ஏதாவது செய்ய வேண்டும். நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்திய, முதலாளி வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஒரு பெண்ணால், சட்டத்தின்படி, தானே செய்யக்கூடிய முதல் காரியம் எது?

பதில் 4: மதுரை வழக்கறிஞர்

கணக்குக் கேட்பது.

பார் கவுன்சில் விதிகளில் 25 முதல் 31 வரை இதைப் பற்றியவையே. கட்சிக்காரர் ஒப்படைத்த பணத்துக்கு வழக்கறிஞர் கணக்கு வைத்திருக்க வேண்டும். கட்சிக்காரர் கேட்டால் கணக்கின் நகலைக் கொடுக்க வேண்டும். கையில் உள்ள அவர் பணத்தைத் தான் வாங்கிய கடன்போல மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு எதுவும் செய்யக் கூடாது. உங்கள் சீனியர் கடைசியில் "உன் பணத்தை நான் வட்டிக்கு வைத்திருக்கிறேன், பத்திரமாக இருக்கிறது" என்று சொல்வார் பாருங்கள், அந்த வாக்கியத்தாலேயே அவர் 31-ஆம் விதியை மீறியதை ஒப்புக்கொண்டவராவார். அதை அவர் அன்பான குரலில் சொல்லட்டும்.

கணக்குத் தராவிட்டால் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி மாநில பார் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். கண்டனம், தற்காலிக நீக்கம், பெயரைப் பதிவேட்டிலிருந்தே எடுத்துவிடுதல் வரை தண்டிக்க அதற்கு அதிகாரம் உண்டு. ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும் என்கிறது 36பி பிரிவு. இது நீண்ட வழி. அதன் நீளத்தையும் நீங்கள் மறைக்க வேண்டாம். ஆனால் அது தொடங்குவது ஒரே ஒரு கடிதத்தில்.

அதை ஜூனியர் எழுதித் தரக் கூடாது. அந்தப் பெண்ணின் மூத்த பிள்ளை எட்டாம் வகுப்புப் படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாளில், அம்மா சொல்லச் சொல்ல அவன் எழுதட்டும். "அய்யா அவர்களுக்கு, என் கணவர் இறந்த வழக்கில் வந்த பணத்துக்குக் கணக்கு எழுதித் தரவும்." அவ்வளவே போதும். அம்மா தன் பெயரை எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போடட்டும். தபால் நிலையத்தில் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பட்டும். நான்காம் நாள் அந்த அட்டை திரும்பி வரும்போது, பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் குமாஸ்தாவின் கையெழுத்து இருக்கும். அந்த வீட்டிலிருந்து யாரும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாமல், அந்த அலுவலகத்திலிருந்து ஒரு கையெழுத்தை வாங்கி வைத்திருப்பது அதுவே முதல் தடவை.